புள்ளி வரி

செக்காலை ரோட்டு மருந்துக்கடையில்
பில் இயந்திரம் ஒரு வரிக்கு இருபது இடம்தான் தரும்.
இருபத்தோராவதாக வந்து நிற்கும் புள்ளியைக்
காகித ஓரத்தில் கீழே தள்ளிவிடும்.
ரத்த அழுத்த மாத்திரை வாங்கிய நெற்குப்பை சேவுகன்
சேவுகன ஆகி வெளியே போனார்.
மறுமாதம் வந்து சொன்னார்:
"தம்பி, எம் பேரு முடியவே மாட்டேங்குது."

அச்சடிக்கிற அந்தச் சின்ன மென்பொருள் கட்டற்றது.
யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம்.
ஐந்து வருஷமாக நான்
எடுத்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

கடை சாத்தியபின் உட்கார்ந்தேன்.
பழைய கம்பெனியில் இதே நோவுக்கு எழுதிய பதினொரு வரி
பென்டிரைவில் கிடந்தது. அப்படியே ஒட்டினேன்.
அனுப்பும் முன் ஒரு வாக்கியத்தின் கீழ்
பெயர் போடச் சொன்னது:
இது நான் எழுதியது,
கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு.

கை என்னுடையதுதான்.
சம்பளம் அவர்களுடையது, ஆகவே வரியும்.
யாருக்குத் தெரியப்போகிறது
யாருக்குத் தெரியப்போகிறது என்று
கர்சர் விட்டுவிட்டு மினுங்கியது.

அழித்தேன்.
சொந்தமாக எழுதியபோது இருபத்துமூன்று வரி வந்தது,
பார்க்கச் சகிக்கவில்லை.

பராமரிப்பவர் பெயர் யாழரசி. ஊர் தெரியாது.
சம்பளமில்லாத வேலைக்கு இத்தனை கறார் ஆகாது.
இடைவெளிகளை ஏன் ஒழுங்குபடுத்தினீர்கள்,
அது வேறு சங்கதி, தனியாக அனுப்புங்கள்.
சோதனை எங்கே?
நாற்பதாவது வரியில் நின்ற பழைய நிபந்தனை
ஏன் போனது?

இடைவெளிகளைப் பழையபடி வைத்தேன்.
சோதனைக்குப் பள்ளத்தூர், கொத்தமங்கலம்,
கானாடுகாத்தான் என்று
புள்ளியில் போய் நிற்கிற ஊர்களாகப் போட்டேன்.
நாற்பதாவதற்கு மட்டும்
"வேலையில்லாத வரி" என்று எழுதிவிட்டேன்.
நம்பிவிட்டார்.

எங்கள் கோயில் கணக்கில்
கல்யாணம் ஆனால்தான் ஒருவன் புள்ளி.
முப்பத்தாறு வயதில் நான் அங்கே அரைப்புள்ளியும் இல்லை
(அரைப்புள்ளி போட்டே கழிகின்றன என் இரவுகள்).
இங்கே, பங்களித்தோர் பட்டியலில்,
அறுபத்திரண்டாவதாகச் சாத்தப்பன்.
வரி கொடுத்தால்தானே புள்ளி?
இருபத்துமூன்று கொடுத்திருக்கிறேனே.

ஒன்பதாம் நாள் மோல்மீனிலிருந்து ஒரு புகார்.
அரிசி மண்டியில் கணக்கெழுதும் தின் தின் ஏ.
எங்கள் எழுத்தின் தலையிலும்
உயிரை அடக்கும் கொக்கி ஒன்று உண்டு,
போன வாரம் வரை ஒழுங்காக அச்சானது,
இப்போது விழுந்துவிடுகிறது என்று.

நாற்பதாவது வரி.
அந்தக் கொக்கிக்காகத்தான் அது நின்றிருந்தது.

எந்த வீட்டில் எத்தனை தூண் பர்மாத் தேக்கு என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் ஊர் இது.
பர்மா எழுத்துக்குத் தலையில் கொக்கி இருப்பது
எனக்குத் தெரியாது.

யாழரசி அவரே திருப்பி வைத்திருக்கலாம், ஒரு வரிதான்.
என் பெயரைக் குறித்து எனக்கே தள்ளினார்:
"உங்கள் மாற்றம். நீங்கள் பார்க்கிறீர்களா?"
அந்தக் கேள்விக்குறி
திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மூன்று இரவு.
வரியைப் பழைய இடத்தில் வைத்தேன்.
அடுத்த ஆள் வேலையில்லாதது என்று நினைக்காதபடி
அது யாருக்காக நிற்கிறது என்று மேலே எழுதினேன்.
தின் தின் ஏ அனுப்பிய பத்துப் பெயர்கள்
கொத்தமங்கலத்துக்கு அடுத்து
சோதனையில் வரிசையாக நிற்கின்றன.
எனக்கு அவற்றில் ஒன்றைக்கூட உச்சரிக்க வராது.
காரணம் என்ற இடத்தில் போட்டேன்:
கேட்டபோது பார்க்காமல் பதில் சொன்னேன்.

சேவுகன் வந்தார்.
பில்லில் முழுதாக, ன் மேல் புள்ளியோடு வந்தார்.
படிக்காமலே நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகி
"ரெண்டு ரூவா சில்லறை வரணுமே" என்றார்.