பகுதியில் இருப்பவர்கள்

ஜனவரி. ஆஸ்டினில் அபூர்வமாய் உறைபனி.
எங்கள் தளத்துக்கு மட்டும் ஹீட்டர் ஓடவில்லை.
விரல்நுனி வெட்டிய கையுறையோடு
ஆண்டறிக்கையைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இடது பத்தியில்
கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருந்து தண்டனை பெற்றவர்கள்.
வலது பத்தியில்
உரிமம் இல்லாமல் தண்டனை பெற்றவர்கள்.
தீவைப்பு: இடதில் பூஜ்யம்.
வழிப்பறி: இடதில் ஒரு காரில் அடங்குவார்கள்,
வலதில் ஒரு சிற்றூரே குடியேறலாம்.

காலையிலேயே ஒரு சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர்.
"மிஸ் குபிச்செக், எத்தனை மடங்கு குறைவு?
ஒரே எண்ணாகக் கொடுங்கள்,
மேடையில் சொல்ல வசதியாக."
அரைமணி கழித்து எதிர்முகாமிலிருந்து ஒரு பெண்.
அவளுக்கும் ஒரே எண் போதும்.
"இடது பக்கம் கொலை என்று ஒன்றாவது உண்டா?"
உண்டு என்றேன்.
நன்றி சொன்ன குரலில் ஒரு துள்ளல்;
அதற்கு அவளே வெட்கி இருமினாள்.

பின்னத்தில் மேலே நிற்பது தொகுதி,
கீழே கிடப்பது பகுதி.
தொலைபேசியில் வருகிறவர்களுக்குத்
தொகுதிதான் எல்லாம்.
எனக்குப் பகுதியோடு பிழைப்பு.

அப்பா எல் காம்போவில் அரிசி ஆலையில் இருந்தார்.
கைரேகை வாங்கி, பழைய வழக்கைத் தோண்டி,
ஆகாதவரைத் தள்ளித்தான் உரிமம் தருகிறோம்.
புடைத்த அரிசியையும் களத்து நெல்லையும்
பக்கத்தில் பக்கத்தில் கொட்டி
இதில் கல் குறைவு என்று வியந்தால்
அப்பா சிரித்திருப்பார்.
அரிசியைக் குறை சொல்லவில்லை.
நானும் அதில் ஒரு மணி:
என் கைப்பையில், இருமல் மிட்டாய்க்கு அடியில்,
உரிம அட்டை.

அந்த வகுப்பில்தான் டுவைன் ஹார்ட்விக்கைப் பார்த்தேன்.
ஐம்பது தோட்டா, ஒரு காகித மனிதன்.
என் காதடைப்பான் கீழே விழுந்து உருண்டபோது
தன்னிடமிருந்த புதியதைப் பிரித்துக் கொடுத்தான்.
ஆரஞ்சு நிறம்.
என் காகித மனிதனுக்குத் தோளிலும் காதிலும் காயம்.
அவனுடையவனுக்கு நெஞ்சில் மட்டும்,
ஒரு தட்டு மூடும் அளவில்.
வாசலில் மர்லீஸ் வண்டியை ஓடவிட்டுக் காத்திருந்தாள்,
மடியில் பாதி தின்ற பீச் பழம்.

ஆகஸ்டில் அவர்கள் சமையலறையில்
முதலில் மர்லீஸ். பிறகு அவன்.

இன்று அந்த வரியைத் தேடினேன்.
இடது பத்தியில் இல்லை.
வலதில் இருக்க வழியே இல்லை.
செத்தவனைக் கூண்டில் ஏற்ற முடியாது;
கோப்பின்மேல் "முடிக்கப்பட்டது" என்று
நீல மையில் ஒரு முத்திரை.
அடுத்த மேசை வெண்டல் தலை நிமிராமல் சொன்னார்:
"தீர்ப்பைத்தான் எண்ணுகிறோம், லோரெட்டா.
நடந்ததை யார் எண்ணச் சொன்னது?"

எண்ணச் சொல்லவில்லைதான்.
ஆனாலும் பகுதியைத் திறந்து பார்த்தேன்.
மக்கள்தொகைக் கணிப்பு ஜூலை முதல் தேதிப்படி.
மர்லீஸ் போனது ஆகஸ்டில்.
எனவே வலது பத்தியின் அடியில்
அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள்,
உரிமம் இல்லாத, எந்தக் குற்றமும் செய்யாத
ஒரு பெண்ணாக.

டுவைனின் அட்டை இன்னும் இரண்டு வருடம் செல்லும்.
ரத்துசெய்யச் சொல்லி யாரும் எழுதவில்லை.
இடது பத்தியின் அடியில் அவனும் இருக்கிறான்,
என் பக்கத்தில்,
தண்டனையே பெறாதவனாக,
எங்கள் விகிதத்தைத்
துளி அழகாக்கிக்கொண்டு.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அறிக்கை போனது.
இரண்டு முகாமுக்கும் ஒரே கோப்பு.
மதியம் வெண்டல் கேட்டார், கூட்டல் சரிபார்த்தாயா என்று.
இரண்டு முறை, என்றேன்.
மேசை இழுப்பறையில் ஸ்டேப்ளர் தேடிய கைக்கு
ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது.
கையுறையைக் கழற்றவில்லை.