இடமாக

பிப்ரவரி. பிட்டோலாவில் இன்னும் பனி.
சமையலறை மேசையில் உப்புக் குப்பியும்
மிளகாய் ஊறுகாய்ச் சாடியும்
வரைபடத்தின் முனைகளைப் பிடித்திருக்கின்றன.
நடுவில் ஓஹ்ரிட் ஏரி.
சுற்றிலும் மலைகளின் பழுப்புக் கோடுகள்,
நெருங்க நெருங்கச் செங்குத்து.

மென்காவின் தையல் பெட்டியிலிருந்து
சிவப்பு நூல் எடுத்துக் கரையோரமாகப் படுக்கவைத்தேன்,
ஒவ்வொரு வளைவிலும் நகத்தால் அழுத்தி,
லின் ஊரின் மூக்கைச் சுற்றி.
நிமிர்த்தி அளந்தால் நூற்றெழுபத்தைந்து சென்டிமீட்டர்.
"என் உயரம்தான் இந்த ஏரி" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"நூலைத் திரும்பச் சுற்றி வை."

தபால் நிலையத்தில் ஆளில்லாத மதியம்
பார்சல் தராசில் என் முதுகுப்பையை ஏற்றினேன்.
ஒன்பது கிலோ நானூறு.
பழக்கத்தில் கை தபால்தலையைத் தேடியது.
ஒரு கம்பளிச் சட்டையை எடுத்தேன்.
அவளுடைய முட்டிப் பட்டையை எடுத்தேன்,
திரும்ப வைத்தேன்.

எல்லைக்கு அப்பால், லின்னுக்கு, அறை கேட்டுப் பேசினேன்.
ஃபத்பர்தா என்றொரு பெண்.
எங்கள் மொழி அவளுக்கு அரைகுறை,
அவள் மொழி எனக்கு அதுகூட இல்லை.
எத்தனை பேர்?
இரண்டு.
எத்தனை கட்டில்?
போனில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
மறுபடி கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஏரியை வலம் வருவதாகத்தான் திட்டம்.
கலிச்சித்சா மலையடியில் முதல் இரண்டு நாள்,
தண்ணீர் எப்போதும் வலக்கைப் பக்கம்.
காரணம் சொல்லாமல் அம்புக்குறி மட்டும் போட்டேன்.
மென்காவின் வலக்காது
ஒரு காய்ச்சலோடு போயிற்று.
அந்தப் பக்கம் ஏரி இருக்கட்டும்,
இந்தப் பக்கம் நான் நடந்தால்
சொல்வதெல்லாம் கேட்கும்.

மொச்சையில் கல் பொறுக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தவள்
பென்சிலை வாங்கி
என் அம்புகளுக்கு ஒவ்வொன்றாய்
வால் பக்கத்தில் தலை வரைந்தாள்.
"இடமாகப் போவோம்.
உன்னை இருபத்தாறு வருஷம் கேட்டாயிற்று.
ஏரியை ஒருமுறை கேட்கிறேன்."

படுக்கப் போய்விட்டாள்.
அம்புகள் இரண்டு பக்கமும் குத்துகின்றன.
நான் உட்கார்ந்து
கடைசி நாளை முதல் நாளாக மாற்றி எழுதுகிறேன்.
ஸ்ட்ருகா, ஏரி ஆறாகக் கிளம்பும் பாலத்தில் மதியச் சாப்பாடு.
லின், நான்காம் இரவிலிருந்து இரண்டாம் இரவுக்கு வந்துவிட்டது.
தேதி மாற்றச் சொல்ல வேண்டும்,
கட்டிலையும்.

மே மாதம்
அவளுக்கு வலப்பக்கம் நடப்பேன்,
தார்ச்சாலைப் பக்கம், கேட்காத பக்கம்.
அங்கே எதையும் சொல்லலாம்.
காய்ச்சல் ஏறிய அந்த இரவில்
டாக்டரைக் கூப்பிடாமல்
விடியட்டும் என்றது நான்தான் என்பதைக்கூட,
ஊருக்கு ஊர், ஆறு நாள்,
சாதாரணக் குரலில்.

லாரி வந்தால் மட்டும்
தோளைத் தொட வேண்டும்.