மூடியைச் சாத்தியவர்

ஐந்து ஐம்பதுக்கு நெலிடா கூப்பிட்டாள்.
பெட்டியில் நீல விளக்கு எரிகிறது,
சத்தம் மட்டும் வரவில்லை என்றாள்.
பின்னால் தகரக் கூரையில் மழை.
அவள் பேசுவது எனக்குக் கேட்கிறது,
தீவுகளுக்குத்தான் கேட்கவில்லை.

தென் சிலியில், மலைகளைக் கடல் கிழித்துப் போட்ட இடத்தில்
எங்கள் வானொலி நிலையம்: இரண்டு அறை, ஒரு கம்பம்.
ஆறரைக்குச் செய்தி நேரம்.
உலகச் செய்தி இல்லை.
அலைபேசி எட்டாத நீர்வழிகளில்
டிரான்சிஸ்டரோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு
பெயர் சொல்லி வாசிக்கும் துண்டுச் சீட்டுகள்:

ஓல்மேதோ வீட்டாருக்கு, அறுவை முடிந்தது, அம்மா சூப் குடித்தாள்.
மஸ்ஸல் பண்ணைக்கு, இன்று படகு கிடையாது.
எஸ்தெரோ லார்கோவில் தோன் அபெலினோவுக்கு,
ரோமம் கத்தரிக்க ஆட்கள் வியாழக்கிழமை வருகிறார்கள்,
ஆடுகள் நனையக் கூடாது.

ஈரக் காலணியோடு மேசைக்கு அடியில் நுழைந்தேன்.
ஊர் உலகம் செய்வதை முதலில் செய்தேன்:
பிடுங்கினேன், செருகினேன்.
வேறு துளையில் செருகினேன்.
கணினி டிங் என்றது,
அதுவும் தன் வயிற்றுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரில்.
பட்டியலில் பெட்டியின் பெயர் இருந்தது, சாம்பல் நிறத்தில்,
பதிவேட்டில் பெயர் இருந்தும்
வகுப்புக்கு வராத பையன் மாதிரி.

தூங்குகிறவனை எழுப்பலாம்,
தூங்குவதாக நடிப்பவனை எழுப்ப முடியாது.
இது மூன்றாவது ஜாதி:
விழித்திருப்பதாக நடிக்கிறது.

அணைத்துவிட்டுத் துவக்கேன் என்றாள் நெலிடா.
துவக்கலாம். ஆனால் வாசலில் ஒரு அப்டேட்
கடன்காரன் போலக் குந்தியிருக்கிறது.
கதவைத் திறந்தால் அரை மணி நேரம் பேசும்.

ஆறு இருபத்து நான்கு.
அப்போதுதான் அந்த ஹப்பைப் பார்த்தேன்.
நாலு வாய். மவுஸ், கீபோர்டு, மேசை விளக்கு,
நாலாவது வாயில் நம் ஒலிப்பெட்டி,
பந்தியில் கடைசி ஆளாய், மிஞ்சிய மின்சாரத்துக்குக் காத்துக்கொண்டு.
அதை மட்டும் உருவினேன்.
இந்தமுறை அவசரப்படவில்லை.
பத்து வரை எண்ண வேண்டும், நாம் மூன்றிலேயே செருகிவிடுகிறோம்,
உள்ளே மிச்சமிருக்கும் சொட்டு மின்சாரம்
பழைய கனவைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது.
உனோ, தோஸ் என்று நெலிடா கூடவே எண்ணினாள்.
ஒன்பதில் அவள் குரல் நின்றுவிட்டது.
பத்தை நான் தனியாகச் சொன்னேன்.
நேரே கணினியில் செருகினேன்.

மீட்டரில் ஒரு பச்சைக் கோடு எழுந்தது.
அவள் தொண்டையைச் செருமியது.
அது ஒலிபரப்பாகிவிட்டது.

அவள் வாசிக்க வாசிக்க நான் அமைப்புகளைத் துழாவினேன்.
மின்சாரம் மிச்சம் பிடிக்க
இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற கட்டத்தில்
யாரோ போட்ட டிக். யாரும் போடவில்லை,
தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.
எடுத்தேன்.
ஆனால் கணினியைத் தூங்க வைத்தது யார்?

இரவுக் காவலர் செகுந்தோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.
"நான்தான் மூடினேன்.
ராத்திரி முழுக்க ஆள் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.
பாவமாக இருந்தது."

கேபிள், டிரைவர், துளை, ஹப்,
எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் உண்டு.
இதற்கு இல்லை.

மூடிமேல் தாள் ஒட்டினேன்:
சாத்தாதீர்கள். தூங்க விடாதீர்கள்.
மறுநாள் காலை அதன் கீழே பென்சிலில்,
செகுந்தோவின் சாய்ந்த எழுத்தில்:
அப்படியானால் எப்போதுதான் தூங்கும்?

தீவுகளிலிருந்து பதில் வராது. எங்களுக்கு வழி ஒன்றுதான், போகிற வழி.
வெள்ளிக்கிழமை துறையில் கத்தரிக்காரர்களைப் பார்த்தேன்,
முழங்கால்வரை சேறு.
ஆடுகள் எப்படி இருந்தன என்று கேட்டேன்.
காய்ந்திருந்தன என்றார்கள்,
அதில் என்ன கேள்வி என்பது போல.