முப்பத்தைந்து பாகை

கஸ்தூரியார் வீதியில் கடை திறக்குமுன்பே
படியில் நின்றேன்.
குருநகர்க் கரையில் படகு இழுக்கத் தண்டவாளம் பொருத்த வேண்டும்:
இரண்டு மூட்டு, நாலு முனை.
முனை ஒவ்வொன்றும் முப்பத்தைந்து பாகை சரிய வேண்டும்.
இல்லாவிட்டால் வெல்டிங் மேலே மட்டும் ஒட்டும்,
காயத்தில் பொருக்குப் போல.

குகதாசன் முதலில் எடுத்து வைத்தது
மெல்லிய வெட்டு டிஸ்க்.
"இது வெட்டத்தான். சரிச்சுப் பிடிச்சா
உடைஞ்சு மூஞ்சைக்கு வரும்."
"தெரியும் அக்கா. உங்களுக்குத் தெரியுமோ எண்டு பாத்தனான்."
ஒவ்வொரு முறையும் இதே பகிடி.

பிறகு ஆறு மில்லிமீற்றர்த் தடிப்பு, சாம்பல் நிறம்,
நானூற்றி எண்பது ரூபா.
கேற்றுக்கு, யன்னல் கம்பிக்கு இது காணும்.
தண்டவாளம் வேறு இரும்பு.
போன கிழமை இதே டிஸ்க்
அரை மணித்தியாலத்தில் கண்ணாடியாய் மினுங்கி
கடிக்க மறந்து
சும்மா தடவிக்கொண்டிருந்தது.
நான் அமத்தினேன்.
விளிம்பு நீலம் பாரித்தது.
நீலம் பாரித்ததை முழுக்க அரைத்தெடுக்க வேண்டும்,
முதலிலிருந்து.

மூன்றாவது, மடிப்பு மடிப்பாய்த் துணி அடுக்கியது,
சேர்க்கோனியா, நாற்பதாம் நம்பர்.
விலை கேட்டுத் திரும்ப வைத்தேன்.
திரும்ப எடுத்தேன்.
நடு வளையத்தில் திகதி தேடினேன்,
பாணுக்குத் தேடுகிற மாதிரி.
பிசின் ஈரம் குடிக்கும்,
எங்கள் உப்புக் காற்றில் இன்னும் கெதியாய்.

"பழைய தண்டவாளமோ?"
"ஓம். எமில்டா மாமியின்ரை வளவிலை கிடந்தது.
பங்கருக்கு மேலை போட்டது."
கல்குலேற்றரில் அவன் விரல் நின்றது.
"எங்கடை வளவிலையும் ரெண்டு.
இப்ப கிணத்துக் கப்பி அதிலைதான் தொங்குது."
அதற்கு மேல் கதைக்கவில்லை.
ஐம்பது ரூபா குறைத்தான்.

மத்தியானம் கரண்ட் இருந்தது.
தடித்த டிஸ்க்கால் துருவை உரித்தேன்,
மடிப்பு டிஸ்க்கால் கோணம் பிடித்தேன்,
பிஸ்கட் பெட்டி மட்டையில் வெட்டிய அளவை
வைத்து வைத்துப் பார்த்தபடி.
பொறி முதலில் சிவந்து, குட்டையாய், கரகரத்து வந்தது.
பிறகு நீண்டது,
நுனியில் கிளை விட்டு வெடித்தது.
இனித்தான் இரும்பு.

படகுக்காரன் மரியறோசன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான்:
"செல்லுக்கே வளையாத சாமான்,
இவ்வளவையும் ஏன் அரைச்சுக் கொட்டிறியள்?"
கிறைண்டரை நிப்பாட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"உருகினது இறங்க இடம் வேணும்" என்றேன்.
அவன் முனையைத் தொட்டுப் பார்த்து
விரலை உதறினான்.

மூன்று முனை முடிய டிஸ்க்கும் முடிந்தது.
தேய்ந்ததை அவன் கையில் கொடுத்து,
"இதுதான். நாற்பது. திகதி பார்."
சைக்கிளில் போனான்.
வியர்வை காயுமுன் வந்தான்,
அறுபதாம் நம்பரோடு.

அறுபது மினுக்கத்தான்.
மேசையில் வைத்தேன், பிறகு ஆகும்.
அவனைத் திரும்ப அனுப்பினேன்.