தேய்ந்த டயர்

புகை எல்லாருக்கும் வரும்.
அதற்குக் காசு போதும்.

ரீகாவின் பைன் காட்டுக்குள்
வண்டிகள் பக்கவாட்டில் பாய்கிற ஞாயிறு.
"மிதித்தால் யாருக்கும் சறுக்கும்,
இதிலென்ன வித்தை?" என்கிறார்
வேலியில் சாய்ந்து பட்டாணி தின்பவர்.
நான் வாய் திறப்பதில்லை.
டயர் கழற்றுவதுதான் என் வேலை.

இது ஓயார்ஸுடையது:
ஒரு பக்கம் கம்பி தெரிகிறது, மறுபக்கம் புதுசு.
பயந்து இழுத்த ஹேண்ட்பிரேக்
ரப்பரில் தட்டையாய்ப் பதிந்திருக்கிறது.

இது இல்வாவுடையது.
துணி சுற்றித்தான் தொட முடியும், இன்னும் சுடுகிறது.
ஓரம் முதல் ஓரம் வரை
அரம் போட்டு இழைத்த சீர்.

முன்வண்டியின் கதவை ஒட்டி
ஒரு சாண் தள்ளி ஓடினாள்.
வண்டியின் மூக்கு மரங்களைப் பார்க்க
அவள் கழுத்து மட்டும் பாதைக்குத் திரும்பியிருந்தது;
ஸ்டியரிங்கைச் சுழலவிட்டு
சரியான இடத்தில் பிடித்தாள்.

அந்தச் சுற்றில் தோற்றாள்.
இறங்கி வந்து, சுவரில் உரசிய பம்பரைத் தடவி,
ஒரு கெட்ட வார்த்தை.
பிறகு,
"இரண்டு விரல் அதிகமாகிவிட்டது."

பட்டாணிக்காரர்
புகையைப் படம்பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த ஜோடியை
உருட்டிக்கொண்டு போகிறேன்.