பம்பின் அடியில் ஒரு துளை

முதலில் ஒரு பொட்டு.
உறைபனி படிந்த சரளையில், பச்சையாய்,
யாரோ மருந்துக் குப்பியைத் தவறவிட்டதுபோல.
மறுநாள் உள்ளங்கை அகலம்.
மூன்றாம் நாள், பள்ளிக்கூடச் சமையலறைக்கு ஏறும் மேட்டில்
வெப்பமுள் சிவப்பைத் தொட்டது.

புன்டா அரீனாஸில் இருப்பது ஒன்றும் ஒரே பட்டறையல்ல;
கடன் சொல்லக்கூடியது ஒன்றுதான்.
ஓயார்சுன் பானெட்டைத் திறக்காமலே சொன்னார்:
வாட்டர் பம்ப். வியாழனுக்கு அடுத்த வியாழன் வா.
தொகையையும் சொன்னார்.
என் லாடா நிவாவை விற்றாலும்
அதில் பாதிதான் தேறும்.

பம்பை மட்டும் வாங்கி வந்தேன்,
ரஷ்ய எழுத்துப் போட்ட பெட்டியில்.
கடைக்காரன் கேட்டான்: "யாருக்கு?"
"காருக்கு."

ஞாயிறு. ஜலசந்தியிலிருந்து வந்த காற்று
தகரக் கூரைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
ரேடியேட்டரின் அடிக்குழாயை உருவி
சலவைத் தொட்டியில் வடித்தேன்.
நாய் முகர வந்தது. விரட்டினேன்.
இனிக்குமாம் அது. இனித்துக்கொண்டே கொல்லுமாம்.

விசிறி. பெல்ட். கப்பி.
பழைய அட்டையொன்றில் பம்பின் வடிவத்தை வரைந்து
எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ
அந்த இடத்திலேயே குத்தி வைத்தேன்.
நெட்டை, குட்டை, இன்னொரு குட்டை, துருப்பிடித்த நெட்டை.
தினமும் நானூறு தட்டுக்குக் கணக்கு வைப்பவளுக்கு
நாலு போல்ட்டா பெரிது?

வேலிக்கு அந்தப் பக்கம் யெர்கோ, மாத்தே குவளையோடு.
"நானாக இருந்தால் ரேடியேட்டரை முதலில் கழற்றியிருப்பேன்."
நான் நீ இல்லை.
"ஒட்டிக்கொண்டிருக்கிறதா? மரச் சுத்தியலால் ஒரு தட்டு."
தட்டினேன். வந்துவிட்டது.
அன்று அவன் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான்;
அதனாலேயே நன்றி சொல்லவில்லை.

கையில் பழைய பம்ப்.
அச்சைத் திருப்பினால் மணலை மென்றது.
அடியில் ஒரு துளை.
துரு அரித்தது என்று நினைத்தேன்.
இல்லை. புதியதிலும் இருக்கிறது, அதே இடத்தில்,
அளவெடுத்துப் போட்டது.
உள்ளே சீல் தேய்ந்தால்
பேரிங்குக்குள் புகாமல் வெளியே சொட்டட்டும் என்று
யாரோ ஒரு பொறியாளர் விட்டுவைத்த வழி.

கொஞ்ச நேரம் ஸ்பேனர் ஓடவில்லை.
ஏப்ரல் முழுக்க, சமையலறைக் குளிர் அறைக்குள்
பட்டாணி மூட்டைகளுக்கு நடுவே நின்று,
மூன்று நிமிடம், சில நாள் நான்கு,
முகம் துடைத்துக்கொண்டு வெளியே வந்து
சூப்பில் உப்புப் பார்த்து...
சரி. போல்ட்டுகள் காத்திருக்கின்றன.

கேஸ்கெட்டை எடுத்தேன்.
காகிதம்தான், விரல் கனம்கூட இல்லை.
காற்று பிடுங்கிக்கொண்டது.
யெர்கோவின் வேலி, கோழிக்கூண்டு, சாலை,
அதற்கப்புறம் கடல்.
"போயிற்று" என்றான் யெர்கோ,
எனக்குத் தெரியாததுபோல.

பம்ப் வந்த பெட்டியையே கிழித்தேன்.
மீன் வெட்டும் கத்தரிக்கோல். துளைக்கு ஆணி.
இரு பக்கமும் பசை.
பெட்டியின் ரஷ்ய எழுத்தில் இரண்டரை
இப்போது உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில்.
என்ன சொல்கின்றனவோ.
'எச்சரிக்கை'யின் வாலாக இருக்கலாம்.
'இந்தப் பக்கம் மேலே' என்பதாகவும் இருக்கலாம்;
அப்படியானால் தலைகீழாக வைத்திருக்கிறேன்.

பிடித்தது இன்ஜின்.
ஹீட்டரைத் திருகினேன், பாதத்தில் சூடு.
முள் பாதிவரை ஏறி நின்றது.
யெர்கோ குவளையை நீட்டினான், வேலிக்கு மேலாக.
கிரீஸ் கையோடே வாங்கிக் குடித்தேன்.

இரவு பதினொன்றுக்கு டார்ச்சோடு போய்
வண்டிக்கு அடியில் அட்டை விரித்து
நாலு மூலையிலும் கல் வைத்தேன்.
காலையில் அதில் நாயின் காலடித் தடம் நான்கு.
பச்சை இல்லை.

இருந்தாலும் அட்டை அங்கேயே கிடக்கட்டும்,
வியாழனுக்கு அடுத்த வியாழன்வரை.