தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்

அஸ்ஸன் நகரில், ரயிலடிக்கு எதிரேயுள்ள கூடத்தில்,
நவம்பர் மழை சைக்கிள்களைக் கழுவிக்கொண்டிருந்த சனிக்கிழமை
முதியோர் இல்ல மருத்துவர் சங்கத்தின்
முப்பத்தோராம் ஆண்டுப் பொதுக்குழு கூடியது.
வந்தவர்கள் நாற்பத்து மூன்று.
வர இயலாமைக்கு வருந்தியவர்கள் பதினெட்டு.
அதில் ஒருவர் மட்டும் காரணம் எழுதியிருந்தார்:
என் ஏழாம் அறைக்காரர் இன்றிரவைத் தாண்டமாட்டார்.

நான் செயலாளர். குறிப்பெடுப்பது என் வேலை.
பன்னிரண்டு வருடமாய் இந்த மேசையில்
'ஏகமனதாக ஏற்கப்பட்டது' என்று எழுதுகிறேன்.
'குணமடைந்தார்' என்று கடைசியாக எப்போது எழுதினேன்,
நினைவில்லை.
எங்களிடம் வருகிறவர்கள் பெட்டியோடு வருவார்கள்,
அலமாரியில் அடுக்குவார்கள், இருப்பார்கள்.
ஈறு சுருங்கி ஆடுகிற பல்செட்டு,
மூன்று மணியானால் துறைமுகத்துக்கு வழி கேட்கும் மாலுமி,
எண்பத்தாறு வயதில் இரண்டு மாடி ஏறிப் போகும் காதல்.
படித்த புத்தகங்களில் இதற்கெல்லாம் பக்கம் கிடையாது.
அதனால்தான் சங்கம்.

பொருளாளர் மரைன் கணக்கு வாசித்தார்.
சந்தா பாக்கி யாருக்கும் இல்லை,
ஒரு சந்தாதான் அதிகம் என்றார்.
சிக்கெ டான்டுமா. ஸ்தாபக உறுப்பினர். வயது எண்பத்தெட்டு.
ஹோகஃபேன் இல்லத்தில், மூன்றாம் மாடியில்
இரண்டு வருடமாகக் குடியிருக்கிறார்.
ஜனவரி பிறந்தால் பணம் வந்துவிடுகிறது.
நான்காம் விதியோ, 'பணியிலிருக்கும் மருத்துவர்' என்கிறது.
கடைசியில் பார்க்கலாம் என்றார் தலைவர் வீட்ஸ்கெ.
பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, மோர். மதியம் போயிற்று.

கடைசியில் யில்டாவ் எழுந்தாள்.
சேர்ந்து பதினாலு மாதம்தான். காது வரை சிவந்திருந்தாள்.
'அவர் என் நோயாளி' என்றாள்,
'எங்கள் இல்லவாசி' என்று திருத்தினாள்,
பையிலிருந்து ஒரு கடிதத்தைப் பிரித்தாள்.

"சங்கத்தாருக்கு. எனக்கு நாளொன்றுக்குப் பதினொரு மாத்திரை.
ஐந்துக்கு மேல் போனால்
ஒவ்வொன்றுக்கும் கோப்பில் காரணம் வேண்டுமென்று
தொண்ணூற்றெட்டில் தீர்மானம் போட்டோம்.
முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவர் இப்போது இல்லை.
என் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.
நான்குக்குக் காரணம் இருக்கிறது.
மிச்சம் ஏழும் யார் பெற்ற பிள்ளைகள்?
மற்றபடி சூப் பரவாயில்லை. உப்பில்லை.
அதுவும் நாம் போட்ட தீர்மானம்தான்.
அதைத் திரும்பப் பெறக் கோருகிறேன்."

சிரித்தார்கள்.
சிரிப்பு பாதி வழியில் நின்றது.
'ஏழில் மூன்று எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது,'
யில்டாவ் சொன்னாள், 'நான்கு நான்.'
அப்போது கூடம் இருந்த நிலையை
அமைதி என்று குறிப்பில் எழுத முடியாது.
நாற்பத்து மூன்று பேரும்
அவரவர் தாழ்வாரத்தில் அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தோம்.

விதியில் ஒரு சொல்லை நீக்கலாம் என்றார் வீட்ஸ்கெ.
எம்மனிலிருந்து வந்தவர் ஆட்சேபித்தார்:
சிகிச்சை பெறுகிறவரே சிகிச்சை பற்றி ஓட்டுப் போட்டால்
அது சுயநலம் ஆகாதா?
'ஆகும்' என்றார் வீட்ஸ்கெ. 'கை தூக்குங்கள்.'
ஆதரவு நாற்பத்தொன்று. எதிர்ப்பு ஒன்று.
நடுநிலை ஒன்று. அது நான்,
எழுதிக்கொண்டிருந்ததில் கை ஓயவில்லை.
உப்பு, உணவுக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது.
கூட்டம் நான்கு பத்துக்கு நிறைவுற்றது.

குறிப்பில் ஏறாதது:
மேல்கோட்டு மாட்டும் இடத்தில்
ஆறேழு பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு
தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.
இருபத்திரண்டாம் அறை. ஆமாம், அந்த ராத்திரி மாத்திரை.
இல்லை, இன்றைக்குக் கொடுங்கள்.
எதற்கென்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.
நான் இணைப்பில் இருக்கிறேன்.
எம்மன்காரரும் அதில் இருந்தார்.
என் முறைக்குக் காத்திருப்பதுபோல்
நானும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.